ஓர் ஏரி, ஓர் ஆண்டு: காட்டுயிர் ஒளிப்படத்தில் கைத்தேர்ச்சி பெறும் வழி

காட்டுயிர் ஒளிப்படத்தில் முன்னேற விரும்புகிறவர்கள் முதலில் திட்டமிடுவது பெரும்பாலும் முதுமலைக்கோ பந்திப்பூருக்கோ கபினிக்கோ ஒரு பயணத்தைத்தான். அந்தப் பயணங்கள் தரும் மகிழ்ச்சி உண்மையானது. ஆனால் அவை கற்பதற்கு ஏற்ற களங்கள் அல்ல. சஃபாரி வண்டியில் அமர்ந்திருப்பவர் எங்கே நிற்பது, எவ்வளவு நேரம் காத்திருப்பது, வெளிச்சம் எந்தப் பக்கத்திலிருந்து விழும்படி அமைத்துக்கொள்வது என்பவற்றில் எதையும் தாமாகத் தீர்மானிக்க முடியாது. ஓட்டுநர் வண்டியை நிறுத்திய கோணமே படத்தின் கோணமாகிவிடுகிறது. புலியே எதிரில் வந்தாலும் சில நிமிடங்களில் புதருக்குள் மறைந்துவிடும். பிசகைத் திருத்திக்கொண்டு அதே காட்சியை மறுநாள் காலையில் எடுத்துப் பார்க்கும் வாய்ப்பு அங்கே இல்லை. கைத்தேர்ச்சியோ, ஒரே செயலைப் பலமுறை செய்து, ஒவ்வொரு முறையும் எது தவறியது என்று பார்த்துத் திருத்துவதால்தான் வருகிறது.

ஆகவே இந்தக் கலையில் இறங்குகிறவர்களுக்கு நான் பரிந்துரைப்பது, வீட்டிலிருந்து அரைமணி நேரத்துக்குள் சென்றடையக்கூடிய ஒரே ஓர் ஏரியைத் தேர்ந்தெடுத்து, ஓர் ஆண்டு முழுவதும், இயன்றால் வாரந்தோறும், அங்கேயே படமெடுப்பதாகும். சென்னையில் இருப்பவருக்குப் பள்ளிக்கரணைச் சதுப்புநிலமும், கோவையில் இருப்பவருக்குச் சிங்காநல்லூர்க் குளமும், மதுரைப் பக்கத்தில் இருப்பவருக்கு ஊருக்கு வெளியே உள்ள ஏதேனும் ஒரு கண்மாயும் இதற்குப் பொருந்தும். பெயர்பெற்ற நீர்நிலையாக இருக்க வேண்டிய கட்டாயமில்லை. கல்தூண்கள் நிற்கும் ஒரு மதகு, மிகுநீர் வழியும் ஒரு கலங்கல், கோரை வளர்ந்த ஆழமற்ற ஒரு விளிம்பு, நீருக்குள் நிற்கும் சில நாட்டுக்கருவேல மரங்கள் ஆகியவை இருந்தால், அந்த ஏரி ஒருவருக்குப் பல ஆண்டுகளுக்குப் போதும்.

நீர்மட்டத்தைப் பின்தொடர்தல்

ஏரியில் எந்த உயிர் எப்போது எங்கே இருக்கும் என்பதை முடிவு செய்வது நீர்மட்டம். அக்டோபரில் வடகிழக்குப் பருவமழை தொடங்கி ஏரி நிரம்பும் வாரங்களில் பறவைகள் பரந்த நீர்ப்பரப்பில் சிதறியிருக்கும். எந்த லென்ஸுக்கும் அவை எளிதில் எட்டுவதில்லை. அந்த நாட்களில் செல்ல வேண்டிய இடம் கலங்கல். மிகுநீர் வழியத் தொடங்கியதும் மீன்கள் ஓட்டத்தை எதிர்த்து ஏற முயலும்; அவற்றைப் பிடிக்கச் சின்னக் கொக்குகளும் மடையான்களும் கலங்கலின் கற்களில் வந்து நிற்கும். பறவை நிற்கும் இடமும் அது கொத்தப்போகும் இடமும் முன்கூட்டியே தெரிந்துவிடுவதால், அலகு நீரைத் தொடும் நொடியைப் பிடிக்கப் பழகுவதற்கு இதைவிட நல்ல இடத்தை நான் அறியேன்.

டிசம்பர் முதல் பிப்ரவரி வரை வலசை வரும் ஊசிவால் வாத்துகளும் நீலச்சிறகிகளும் நடுநீரில் தங்குபவை. அவற்றின் அருகில் செல்ல முயன்று கூட்டத்தையே கிளப்பிவிடுவதைவிட, கூட்டமாகவே, பின்னணியில் பனைவரிசையோடு எடுப்பது நல்லது. ஏரியின் உச்சகட்டம் அதற்குப் பிறகுதான் வருகிறது. மார்ச் முதல் நீர் வற்ற வற்ற மீன்கள் குட்டைகளில் அடைபடுகின்றன. சங்குவளை நாரைகள், கரண்டிவாயன்கள், கூழைக்கடாக்கள், நத்தைகுத்தி நாரைகள் எல்லாம் சில நூறு அடிப் பரப்புக்குள் நெருங்கி இரைதேடுகின்றன. கரண்டிவாயன் அலகை நீருக்குள் இடமும் வலமுமாக வீசிக்கொண்டே நடக்கும். சங்குவளை நாரை காலால் சேற்றைக் கிளறிவிட்டுப் பாதி திறந்த அலகை நீருக்குள் வைத்தபடி காத்திருக்கும். சின்னக் கொக்கு தன் மஞ்சள் பாதத்தை நடுக்கி மீனை வெளியே கிளப்பும். மூன்றும் ஒரே குட்டையில் நின்றாலும் படம் கிடைக்கும் தருணம் மூன்றுக்கும் வேறு. கோடையில் நீர் முற்றிலும் வற்றிய பிறகு ஏரியில் எதுவும் இல்லை என்று பலர் போவதை நிறுத்திவிடுகிறார்கள். பனங்காடையும், ஆள்காட்டியும், கரையோரப் பனைகளில் கூடு பின்னும் தூக்கணாங்குருவியும், கழுத்துவரை சிவந்து தலையை ஆட்டும் ஆண் ஓணானும் அவர்கள் கண்ணில் படாமலே போய்விடுகின்றன.

இவற்றை நினைவில் வைப்பதற்கு ஒரு குறிப்பேடு வேண்டும். நாள், நேரம், மதகுக் கல்லில் நீர் எதுவரை நின்றது, காற்று எந்தத் திசையிலிருந்து வந்தது, எந்தப் பறவை எங்கே என்ன செய்தது என்று ஐந்தாறு வரிகள் எழுதினால் போதும். பறவைப் பட்டியலை, பறவை பார்ப்போரின் பதிவுகளைத் திரட்டும் இ-பேர்ட் (eBird) இணையதளத்திலும் பதிவேற்றலாம்; உங்கள் மாவட்டத்தில் எந்தப் பறவை எந்த வாரத்தில் தென்படுகிறது என்பதை அங்குள்ள வரைபடங்கள் காட்டுகின்றன. பொங்கலையொட்டி ஆண்டுதோறும் நான்கு நாட்கள் நடக்கும் பறவைக் கணக்கெடுப்பில் குறைந்தது 15 நிமிடங்கள் ஓரிடத்தில் பறவைகளைக் கவனித்துப் பட்டியலிட வேண்டும். கேமராவை உறையிலிருந்து எடுக்காமல் அந்தக் கால்மணி நேரத்தை நிறைவு செய்வது புதியவர்களுக்கு நல்ல பயிற்சி.

வெயிலும் காற்றும் முதுகுப்பக்கம்

நிலம் கிழக்கு நோக்கிச் சரியும் மாவட்டங்களில் ஏரியின் கரை பெரும்பாலும் கிழக்குப் பக்கத்திலேயே கட்டப்பட்டிருக்கும். காலையில் அந்தக் கரையில் நின்றால் கதிரவன் முதுகுக்குப் பின்னால் இருக்கிறது. பறவையின் மேல் முழு வெளிச்சம் விழுகிறது. அதன் கண்ணில் ஒளிப்புள்ளி தெரிகிறது. இன்னொரு வசதியும் உண்டு. பறவைகள் எழும்போதும் இறங்கும்போதும் காற்றை எதிர்கொண்டே பறக்கின்றன. நவம்பர் முதல் ஜனவரி வரை காற்று பெரும்பாலும் வடகிழக்கிலிருந்து வீசுவதால், கிழக்குக் கரையில் நிற்பவரை நோக்கியே பறவை எழுகிறது. நெஞ்சும் முகமும் விரிந்த சிறகும் படத்தில் கிடைக்கின்றன. அதே ஏரியின் மேற்கு விளிம்பில் நிற்பவருக்கு வாலும் முதுகும்தான் கிடைக்கும். மாலையில் கதிரவன் பறவைக்குப் பின்னால் போய்விடுவதால், கரையிலிருந்து எடுக்கும் படம் நிழலுருவமாகவோ, சிறகின் ஓரம் மட்டும் ஒளிரும் படமாகவோதான் அமையும். அதை வேண்டுமென்றே செய்தால் அழகு. தெரியாமல் செய்தால் கறுத்துப்போன பறவை.

காலை ஒன்பது மணிக்குமேல் ஈரமண்ணிலிருந்தும் கட்டாந்தரையிலிருந்தும் எழும் வெப்பம் காற்றை நடுங்கச் செய்கிறது. அந்த நேரத்தில் தொலைவிலிருந்து எடுக்கும் படம் எவ்வளவு விலையுயர்ந்த லென்ஸிலும் கூர்மையாக வராது. லென்ஸில் குறை என்று எண்ணிக் கடைக்கு எடுத்துச் செல்வதற்கு முன், விடியற்காலையில் அதே தூரத்தில் ஒருமுறை எடுத்துப் பார்த்துவிடுவது நல்லது.

ஏரிக்கரை நீர்மட்டத்தைவிட உயரமானது என்பதால், அதன் மேலிருந்து கீழ்நோக்கி எடுக்கும் படத்தில் பறவைக்குப் பின்னால் சேறும் குப்பையுமே தெரியும். கரையிலிருந்து இறங்கி, விளிம்பில் உட்கார்ந்தோ படுத்தோ, பறவையின் கண் மட்டத்துக்குக் கேமராவைக் கொண்டுவந்தால் பின்னணி தொலைவுக்குப் போய் மங்குகிறது. பறவை தனித்து நிற்கிறது. புதியவரின் படத்தை ஒரே நாளில் மாற்றிவிடக்கூடிய செயல் இதுவே. ஆனால் இறங்கும் இடத்தை ஏரியை அறிந்தவரிடம் கேட்டுக்கொள்ள வேண்டும். வண்டல் அள்ளிய பள்ளங்கள் நீருக்கடியில் கண்ணுக்குத் தெரிவதில்லை.

நெருங்கும் முறை

ஏரிப் பறவைகள் மனிதருக்கு அஞ்சுவதைவிட, தங்களை உற்றுப் பார்த்தபடி நேராக நடந்துவரும் மனிதருக்கே அதிகம் அஞ்சுகின்றன. மாடு மேய்ப்பவரும் வலை வீசுபவரும் நாள்தோறும் மிக அருகில் கடந்து சென்றாலும் கொக்கு நகர்வதில்லை. அவர்களைப் போலவே குறுக்காக, நின்று நின்று, பறவையை நேரே பாராமல் நகர வேண்டும். மீன் குத்தகைக்காரரிடம் முன்பே அறிமுகம் செய்துகொள்வது மரியாதைக்கும் நல்லது, படத்துக்கும் நல்லது. எந்த மூலையில் காலையில் மீன் துள்ளுகிறது என்பது அவருக்குத் தெரியும். இன்னும் எளிய வழி, பறவை வருவதற்கு முன்பே போய் அமர்ந்துவிடுவது. மதகுத் தூணில் மீன்கொத்தி நாள்தோறும் வந்து அமர்கிறது என்று குறிப்பேடு சொன்னால், விடியுமுன் அங்கே அசையாமல் உட்கார்ந்திருப்பவரை அது பொருட்படுத்துவதில்லை.

இரைதேடுவதை நிறுத்துவது, கழுத்தை நிமிர்த்துவது, உடலை இறுக்கி ஒருபக்கம் சாய்வது, எச்சமிடுவது ஆகியவை பறவை கிளம்பப்போகிறது என்பதன் அறிகுறிகள். பருந்தோ வல்லூறோ தானாகக் கிளம்பும்போது எச்சமிடுவதைக் கண்டதும் விரலைத் தயாராக வைத்துக்கொள்ளலாம். நாம் நெருங்கியதால் அது கழுத்தை நிமிர்த்தினால் அங்கேயே நின்று, அது மீண்டும் இரைதேடத் தொடங்கும் வரை காத்திருக்க வேண்டும். தொடங்கவில்லையென்றால் பின்வாங்க வேண்டும்.

கேமராவின் அளவுகள்

விலை மிகுந்த 600 மி.மீ. லென்ஸ் இல்லாமல் இந்தக் கலையைத் தொடங்க முடியாது என்பது கடைக்காரர்கள் வளர்த்த நம்பிக்கை. 70-300 மி.மீ. லென்ஸ் கொண்ட பழைய கேமரா ஒன்று, மேலே சொன்னபடி நெருங்கக் கற்றவருக்கு முதலாண்டு முழுவதும் போதுமானது. நீளமான லென்ஸ் கிடைத்தாலும் கையசைவும் அதனோடு சேர்ந்தே பெரிதாகிறது என்பதை மறக்கக்கூடாது. மணலோ அரிசியோ நிரப்பிய ஒரு துணிப்பையைத் தரையிலோ மதகுச் சுவரிலோ வைத்து, அதன்மேல் லென்ஸைக் கிடத்துவது முக்காலியைவிடப் பல இடங்களில் உறுதியாக இருக்கும்.

கேமராவுக்குள் ஒளி விழும் நேரமான ஷட்டர் வேகத்தைச் செயலைப் பொறுத்துத் தேர்ந்தெடுக்க வேண்டும். அசையாமல் நிற்கும் நாரைக்கு 1/500 வினாடி போதும். மெதுவாகச் சிறகடிக்கும் கூழைக்கடாவுக்கு 1/1000 தேவை. கொக்கு குத்தும் நொடிக்கு 1/2000, பாயும் மீன்கொத்திக்கும் பூச்சியைத் துரத்தும் பஞ்சுருட்டானுக்கும் 1/3200 வரை செல்ல வேண்டியிருக்கும். ஒளி நுழையும் துளையான அப்பர்ச்சரை லென்ஸ் அனுமதிக்கும் மிகப் பெரிய திறப்பிலோ அதற்கு ஒருபடி கீழோ வைத்துவிட்டு, ஒளியுணர்திறனைக் குறிக்கும் ஐ.எஸ்.ஓ. அளவைக் கேமராவே முடிவு செய்யும்படி விடலாம். ஐ.எஸ்.ஓ. உயர்வதால் வரும் புள்ளிகளை இன்றைய மென்பொருட்கள் பெருமளவு நீக்கிவிடுகின்றன. குறைந்த ஷட்டர் வேகத்தால் வரும் மங்கலை அந்த அளவுக்குச் சீர்செய்ய முடிவதில்லை.

ஏரியில் பலரும் இடறுவது வெள்ளைப் பறவையில்தான். கேமராவின் ஒளிமானி எதைப் பார்த்தாலும் அதை நடுத்தரச் சாம்பல் நிறமாக்கவே முயல்கிறது. கருநிற நீரின் நடுவே சிறியதாக ஒரு கொக்கு நின்றால், மானி நீரைப் பார்த்துப் படத்தை வெளிச்சமாக்கும். கொக்கின் சிறகிலுள்ள நுணுக்கமெல்லாம் வெளுத்து அழிந்துவிடும். அங்கே, மானி சொல்லும் வெளிச்சத்தைக் கூட்டவோ குறைக்கவோ உதவும் எக்ஸ்போஷர் ஈடு ஒரு படி குறைக்கப்பட வேண்டும். அதே கொக்கு சட்டம் முழுவதையும் நிறைத்தால் மானி எதிர்த்திசையில் ஏமாறும். கொக்கு சாம்பலாக வரும். அங்கே ஒரு படி கூட்ட வேண்டும். நீர்க்காகத்தில் இவை அப்படியே தலைகீழாகின்றன. இந்தக் கணக்கிலிருந்து விடுபட ஒரு வழி உண்டு. தெளிந்த காலை வெயிலில், ஐ.எஸ்.ஓ. உட்பட எல்லா அளவுகளையும் கையால் அமைத்து, ஒரு கொக்கின் வெண்மை வெளுக்காத அளவை, படத்தின் ஒளி இருள் பரவலைக் காட்டும் வரைபடமான ஹிஸ்டோகிராமில் பார்த்து நிறுத்திக்கொண்டால், அதே வெயிலில் நிற்கும் நீர்க்காகத்துக்கும் மீன்கொத்திக்கும் அந்த அளவே பொருந்தும். பறவை மாறலாம், பின்னணி மாறலாம். அவற்றின்மேல் விழும் வெயில் மாறுவதில்லை. வெயில் ஏற ஏற அரைமணிக்கு ஒருமுறை சரிபார்த்தால் போதும். கோப்பு, கேமரா பதிந்த தகவலை அப்படியே வைத்திருக்கும் ரா (RAW) வடிவில் இருக்கட்டும்.

பறக்கும் பறவையை ஃபோகஸில் வைத்திருக்கப் பழகுவதற்குக் கறுப்பு வெள்ளை மீன்கொத்தியே சிறந்த ஆசிரியர். அது நீருக்குமேல் ஒரே இடத்தில் சிறகடித்து நிற்கும். உடல் ஆடினாலும் தலை அசையாது. பிறகு செங்குத்தாகப் பாயும். நகரும் பொருளை விடாமல் பின்தொடரும் தொடர் ஃபோகஸில் அந்தத் தலையைப் பிடித்து வைத்துப் பழகியவருக்கு ஆலாவைப் பின்தொடர்வது எளிதாகிறது. பஞ்சுருட்டானிடம் வேறு பாடம் இருக்கிறது. அது பூச்சியைப் பிடித்துக்கொண்டு பெரும்பாலும் கிளம்பிய அதே கிளைக்கே திரும்பும் என்பதால், பறவையைத் துரத்தாமல் கிளையில் ஃபோகஸ் செய்து காத்திருக்க வேண்டும். பாம்புத்தாரா மீனைக் குத்திய பிறகு அதை மேலே வீசித் தலைப்பக்கமாக விழுங்கும். எனவே அது மீனோடு நீரிலிருந்து கழுத்தை வெளியே எடுத்தவுடன் ஷட்டரை அழுத்தத் தொடங்க வேண்டும். மீன் காற்றில் இருப்பதைக் கண்ணால் கண்டபிறகு அழுத்தினால் காலம் கடந்துவிடும்.

படங்களைக் கழித்தல்

வீட்டுக்கு வந்ததும் கண் கூர்மையாக இல்லாதவற்றை நீக்கிவிட்டு, மீதியை ஒரு வாரம் கழித்துப் பார்ப்பது நல்லது. எடுத்த அன்று பட்ட பாடெல்லாம் படத்தின் சிறப்பாகவே தோன்றும். எஞ்சியவற்றில் ஒவ்வொன்றிடமும் இந்தப் பறவை என்ன செய்கிறது என்று கேட்க வேண்டும். நிற்கிறது என்பதைத் தவிர வேறு விடை கிடைக்காத படங்களை ஒன்றிரண்டோடு நிறுத்திக்கொள்ளலாம்.

ஊக்கம் கிடைக்கும் இடங்கள்

ஆறேழு மாதங்களில் சலிப்பு வரும். எல்லாப் பறவையையும் எடுத்தாகிவிட்டது என்று தோன்றும். புது லென்ஸ் வாங்கும் எண்ணம் தலைதூக்குவதும் அப்போதுதான். அந்த வேளையில் பார்க்க வேண்டியவை மற்றவர் எடுத்த நல்ல படங்கள். அவற்றிலும், பழக்கப்பட்ட இடத்திலிருந்து வந்தவை. லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகம் ஆண்டுதோறும் நடத்தும் காட்டுயிர் ஒளிப்படப் போட்டியில், 2023இல் முதுகெலும்பற்ற உயிர்களின் பிரிவில் வென்ற ஸ்ரீராம் முரளியின் படம் ஆனைமலைப் புலிகள் காப்பகத்தின் மின்மினிகளைக் காட்டுவது. ஒவ்வொன்றும் 19 வினாடிகள் நீளும் 50 படங்களை ஒன்றிணைத்து, 16 நிமிடங்களில் மின்மினிகள் உமிழ்ந்த ஒளியை ஒரே சட்டத்தில் அவர் கொண்டுவந்திருந்தார். அதே போட்டியில் 2018இல் பத்து வயதுக்குட்பட்டோர் பிரிவில் வென்றது, பஞ்சாபின் கபூர்தலாவில் சாலையோரத்துப் பழைய குழாய்க்குள்ளிருந்து எட்டிப்பார்க்கும் இரண்டு புள்ளி ஆந்தைகளின் படம். எடுத்த சிறுவன் தந்தையின் கேமராவைக் காரின் பாதி திறந்த கண்ணாடியில் ஊன்றி எடுத்தான். அரிய உயிரினத்தைத் தேடிப் போகாமல், தெரிந்த உயிரைத் தெரியாத வகையில் காட்டிய படங்கள் இவை.

நம்மவர்களில் மா. கிருஷ்ணனை அறிந்துகொள்ளாமல் இந்தக் கலையில் யாரும் நெடுந்தூரம் செல்ல வேண்டாம் என்பேன். 1912இல் பிறந்து 1996இல் மறைந்த அவர் காட்டுயிர்களைக் கறுப்பு வெள்ளையில் படமெடுத்தார். பல்வேறு பாகங்களைச் சேர்த்துத் தாமே அமைத்துக்கொண்ட கேமராவைப் பயன்படுத்தினார். படமெடுத்த விலங்கைப் பற்றி எழுதவும் அதை வரையவும் செய்தார். அவருடைய யானைப் படங்களில் யானையின் தோலும் நடையும் மந்தைக்குள் அது நிற்கும் இடமும் தெரிகின்றன. ஒரு மாதம் நீங்களும் கறுப்பு வெள்ளையில் மட்டும் எடுத்துப் பார்க்கலாம். மீன்கொத்தியின் நீலம் கைகொடுக்காதபோது அதன் வடிவத்தையும் பின்னணியின் ஒளி இருளையும் கவனித்தே தீர வேண்டியிருக்கும்.

தமிழ் படித்தவருக்கு இன்னொரு கருவூலமும் கையருகே இருக்கிறது. ஓடும் நீரில் ஆரல் மீனை எதிர்நோக்கி நிற்கும் குருகைப் பாடிய சங்கப் புலவர், அதன் சிறகையோ அலகையோ விட்டுவிட்டுத் தினைத்தாள் போன்ற சிறிய பசுங்கால்களைப் பார்த்திருக்கிறார். மடையானின் கால்களை மட்டும் ஒரு காலைப்பொழுது முழுவதும் எடுத்தால் எத்தகைய படங்கள் கிடைக்கும் என்று எண்ணிப் பாருங்கள். இப்படி ஒரு வரம்பைத் தானே வகுத்துக்கொள்வதுதான் சலிப்புக்கு மருந்து: ஒரு வாரம் நீரில் தெரியும் பிம்பம் மட்டும், ஒரு வாரம் 1/30 வினாடியில் பறவையோடு கேமராவையும் நகர்த்தி எடுத்த, சிறகு கரைந்த படங்கள் மட்டும், ஒரு வாரம் கைப்பேசியின் அகன்ற கோணத்தில் ஏரியும் பறவையும் சேர்ந்த காட்சிகள் மட்டும், மழை பெய்யும் நாளில் மழை மட்டும்.

கூடுகளும் சட்டமும்

கூட்டில் குஞ்சுக்கு இரையூட்டும் படம் எல்லாரையும் கவர்கிறது. தீங்கும் அதில்தான் அதிகம். படம் தெளிவாக வருவதற்காகக் கூட்டை மறைக்கும் இலைகளைக் கிள்ளினால், காகத்துக்கும் வெயிலுக்கும் குஞ்சுகளைக் காட்டிக்கொடுப்பதாகிறது. 1972ஆம் ஆண்டின் வனவிலங்கு பாதுகாப்புச் சட்டம் வேட்டை என்பதற்குத் தரும் வரையறையில், காட்டுப்பறவைகளின் முட்டைகளையும் கூடுகளையும் தொந்தரவு செய்வதும் அடங்கும். கூட்டுப்படம் எடுத்தே தீர வேண்டும் என்பவர்கள் நவம்பரிலிருந்து மார்ச் வரையுள்ள காலத்தில் வேடந்தாங்கலுக்குச் செல்லலாம். அங்கே நீருக்குள் நிற்கும் மரங்களில் பறவைகள் கூட்டமாகக் கூடுகட்டுகின்றன; பார்வையாளர்கள் கரையிலேயே நிற்கிறார்கள்; மனிதர் வந்துபோவது அந்தப் பறவைகளுக்குத் தலைமுறைகளாகப் பழகிய ஒன்று. பதிவுசெய்த குரலை ஒலிக்கச் செய்து பறவையை வரவழைப்பதையும், இரை வைத்து ஆந்தையையோ பாம்பையோ இழுப்பதையும் நான் ஏற்பதில்லை. ஆந்தை அடையும் பொந்தின் இருப்பிடத்தைச் சமூக வலைத்தளத்தில் வெளியிடுவதும் அவ்வகையில் சேர்ந்ததே. அடுத்த ஞாயிற்றுக்கிழமை அங்கே இருபது கேமராக்கள் நிற்கும்.

போட்டிகளுக்கு அனுப்பும் காலம் வரும்போது விதிகளை முழுதாகப் படிக்க வேண்டும். மேலே குறிப்பிட்ட லண்டன் போட்டியில் 2009இல் முதற்பரிசு பெற்ற, வேலிக்கதவைத் தாண்டும் ஓநாயின் படம், அந்த ஓநாய் பழக்கப்பட்ட விலங்காக இருக்கக்கூடும் என்று நடுவர்கள் முடிவு செய்ததால் பின்னர் நீக்கப்பட்டது; 2017இல் ஒரு பிரிவில் வென்ற எறும்புதின்னியின் படம், அது பாடம் செய்யப்பட்ட உடல் என்ற முடிவின்பேரில் நீக்கப்பட்டது. எனவே படத்தோடு அனுப்பும் குறிப்பில் இடம், நாள், சூழல், பயன்படுத்திய முறை ஆகியவற்றை உள்ளபடியே எழுத வேண்டும். இறுதிச் சுற்றில் மூலக் கோப்பைக் கேட்பது வழக்கமாதலால், திருத்திய படத்தை மட்டும் வைத்துக்கொண்டு ரா கோப்பை அழித்துவிடாமல், வேறொரு வட்டில் ஒரு படியும் எடுத்து வைத்திருப்பது நல்லது.